கால் பிடிக்கிற படிப்பு

1

என் கணவரின் ஆண்டுத் திவசத்தை இந்த வருடமும் தங்கச்சி மலரின் வீட்டில்தான் செய்தோம். இடுப்பு முறிந்த பிறகு என்னால் அடுப்படியில் நெடுநேரம் நிற்க ஏலாது. சமையல் முழுவதும் அவள்தான். ஐயர் வெள்ளென வந்து மந்திரம் சொல்லிப் போய்விட்டார். பக்கத்து நகரத்தில் அவருக்கு ஒரு புதுவீட்டுக் குடிபூரல் இருந்ததாம். வந்திருந்த சனம் வரவேற்பறைக் கம்பளத்தின்மேல் பழைய விரிப்பொன்றைப் போட்டு, வரிசையாக இருந்து, கடுதாசித் தட்டில் சாப்பிட்டது. ஜெர்மனியில் எங்கள் நகரத்தில் வாழையிலைக்கு எங்கே போவது? எனக்குக் கீழே இருக்க முடியாது. கதிரையில் இருந்து எல்லாரையும் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பாதிச் சாப்பாட்டில்தான் அந்தப் பேச்சு வந்தது. பொன்னையா என்றொரு மனிதர். இங்குள்ள கோயிலின் நிருவாகத்தில் இருப்பவர். அதனால் எந்த வீட்டுக்குப் போனாலும் முதல் தட்டு அவருக்குத்தான். மலரின் மகள் ஆரணி அவருக்குப் பருப்பு விட்டுக்கொண்டு நின்றாள்.

"என்ன பிள்ள, பள்ளிக்கூடம் முடியுதாம். மறுகா என்ன, டொக்டர்தானே?"

"இல்ல அங்கிள். பிசியோதெரபி."

"அதென்ன அது?"

"வருத்தம் வந்த ஆக்களுக்கு எழும்ப, நடக்க, கை கால் அசைக்கப் பழக்கிறது."

"ஓகோ, கால் பிடிக்கிற வேலை!" அவர் மடக்கியிருந்த ஒரு காலை ஆரணியின் பக்கம் நீட்டினார். "இந்தா, இப்பயே தொடங்கன். பாப்பம் எப்பிடிப் பிடிக்கிறாயெண்டு."

எல்லாரும் சிரித்தார்கள். மலரின் புருஷன் குகனும் சிரித்தார். மலர் சிரிக்கவில்லை, ஆனால் அந்த மனிதரின் தட்டில் இன்னொரு வடையை வைத்தாள். நீட்டிய காலில் போட்டிருந்த மேசோட்டில் ஒரு ஓட்டை இருந்தது. அதற்குள்ளால் பெருவிரல் நகம், மஞ்சளாகத் தடித்து, வெளியே பார்த்தது. செத்துப்போன என் மனிசனுக்குப் படைத்த சோற்றைத் தின்றுகொண்டு ஒரு பெண்பிள்ளையின் முகத்துக்கு நேரே காலை நீட்டுகிற மனிதரைப் பார்க்கப் பிடிக்காமல் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். ஆரணி பருப்புச் சட்டியை அடுத்த ஆளுக்குக் கொண்டுபோனாள்.

நான் மட்டக்களப்பு மண்டூரில் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். மலர் பிறந்தபோது அம்மாவுக்குச் சுகமில்லை, பிள்ளையைத் தூக்க ஆள் வேண்டியிருந்தது. அந்தக் காலத்திலிருந்தே ஆக்கள் நடுவில் எனக்கு வாய் திறக்க வராது. எழுதும்போது ஒருவரும் முகத்தைப் பார்ப்பதில்லை என்பதால் ஊரில் இருக்கும் சொந்தக்காரர் உங்களுக்கு எழுதுகிறேன்.

அன்றைக்கு நடந்தது வெறும் பகிடி என்றால் எழுதவே மாட்டேன். ஆரணிக்கு அந்தப் படிப்புக்கு இடம் கிடைத்திருந்தது. ஒப்பந்தமும் வந்திருந்தது. வயது பதினேழு என்பதால் தாயும் தகப்பனும் கையெழுத்து வைக்கவேண்டும். அந்த வெள்ளிக்கிழமைக்குள் அது பள்ளிக்குப் போய்ச் சேரவேண்டும். மலர் வைத்துவிட்டாள், குகன் வைக்கவில்லை. பொன்னையாவின் பகிடிக்குப் பிறகு வைக்கவே மாட்டார் என்றுதான் நான் நினைத்தேன்.

2

பிள்ளைக்கு இந்த எண்ணம் வந்ததற்கு என் இடுப்புத்தான் காரணம் என்று குகன் சொல்வார். அது உண்மைதான்.

போன மாரியில், மரக்கறிப் பையோடு வரும்போது, எங்கள் கட்டடத்துப் படியில் ஈரத்தில் வழுக்கி விழுந்தேன். நானிருப்பது கீழ்மாடி, மலர் குடும்பம் அதற்கு மேல்மாடி. சத்தம் கேட்டு முதலில் ஓடிவந்தவள் ஆரணிதான். ஆஸ்பத்திரியில் இடுப்பு மூட்டை மாற்றினார்கள். மாற்றிய மறுநாளே இரண்டு பேர் வந்து என்னைப் பிடித்து எழுப்பி நிறுத்தினார்கள். "என்னைக் கொல்லுறாங்க மலர்" என்று கத்தினேன். மலர் அழுதுகொண்டு அவர்களோடு சண்டைக்குப் போனாள்.

வீட்டுக்கு வந்தபின் நோய் பார்க்க ஆக்கள் வரத் தொடங்கினார்கள். திராட்சைப்பழம், சத்துமாப் போத்தல், தோடம்பழச் சாறு. எங்கள் ஆக்களுக்குள் நோய் பார்க்கிறது எப்படி என்று உங்களுக்குத் தெரியும். நோயாளி படுத்திருக்கவேண்டும். எழும்பி இருந்தால், பார்க்க வந்தவர்கள் "பெரிசா ஒண்டுமில்லப் போல" என்று போய்ச் சொல்வார்கள். அதனால் வாசலில் சப்பாத்துக் கழற்றும் சத்தம் கேட்டாலே மலர் ஓடிவந்து என்னைச் சரித்துப் போர்த்துவிடுவாள். நானும் முனகுவேன். முனகாவிட்டால் வந்தவர்களுக்கு மரியாதை இல்லையே.

அடுத்த தெருவிலிருக்கும் சரோ கிழமைக்கு இரண்டு முறை வருவாள். எங்கள் பக்கத்துக் குருக்கள்மடம் ஊர்ப் பிள்ளை. மனம் நல்லது, வாய் ஓயாது. நான் தலையைத் தூக்கினாலே தோளைப் பிடித்து அமத்துவாள்.

"கிடங்கக்கா, கிடங்க! இந்த வயசில நடந்து என்னத்தக் கண்ட? மலர் இருக்காள்தானே, எல்லாம் கட்டிலுக்குக் கொண்டருவாள்."

அப்படியே மலர் கொண்டுவந்தாள். சோறு கட்டிலுக்கு, தேத்தண்ணி கட்டிலுக்கு, சீப்பும் கட்டிலுக்கு. என் கால் மெலிந்து, தொடைத் தோல் தொங்கத் தொடங்கியது. அதைப் பார்த்து வந்தவர்கள் இன்னும் இரங்கினார்கள்.

எங்கள் பெரியப்பாவை நினைத்துக்கொள்வேன். அறுவடைக் காலத்தில் வயல் வட்டையிலிருந்து நெல் ஏற்றிவந்த வண்டிலிலிருந்து விழுந்தார். வாவியைக் கடக்கும் பாதை என்ற மிதவையில் பாயோடு ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். அங்கே துண்டு வெட்டி வீட்டுக்கு விட்டதும் முறிவுக்கு எண்ணெய் போடுகிறவரிடம் காட்டி, வீட்டு உள்ளறையில் கிடத்தினோம். பெரியப்பாவின் பெண்மக்கள் அவரைச் சுண்டுவிரல் அசைக்க விடவில்லை. அடுத்த வேளாண்மை வெட்டுவதற்குள் முதுகெல்லாம் புண் பிடித்து, அறைக்குள் போகேலாத மணம். சாம்பிராணி போட்டோம். செத்தவீட்டில் "எழும்ப விடாமப் பார்த்த பிள்ளைகள்" என்று ஊரே புகழ்ந்தது, நானும் சேர்ந்து புகழ்ந்தேன். அந்தப் புகழ்ச்சியை இன்றைக்கு நினைத்தால் அந்தப் புண்ணின் மணத்தைவிட அருவருப்பாக இருக்கிறது.

3

வீட்டுக்கு வந்து பயிற்சி கொடுக்கிறவன் பெயர் லூக்கஸ். தாடி, கை நிறையப் பச்சை குத்தல். முதல் நாள் என் சேலையை முழங்காலுக்கு மேலே தூக்கச் சொன்னான். நான் கண்ணை மூடிக்கொண்டு மாட்டேன் என்றேன். மொழிபெயர்க்க நின்ற ஆரணி மேலே ஓடிப்போய்த் தன்னுடைய விளையாட்டுக் காற்சட்டையைக் கொண்டுவந்தாள்.

"இதைப் போடுங்க பெரியம்மா. ஒண்டும் தெரியாது."

"சீ, போடி! இந்த வயசில எனக்குக் காற்சட்டையா?"

"நான் கதவைப் பூட்டுறன். சரோ அன்ரி வந்தாலும் திறக்கமாட்டன்."

போட்டேன். வேறு என்ன செய்வது?

அவன் காலை மடக்கச் சொல்வான், நீட்டச் சொல்வான். நோகுதா என்று கேட்பான். வெக்கத்தில் இல்லை என்பேன். நெற்றியால் வியர்வை ஓடும். இரண்டாம் நாள் ஆரணி என் பதிலை மொழிபெயர்க்காமல், தன் பாட்டில் அவனிடம் ஏதோ சொன்னாள். அவன் உடனே கையை எடுத்தான்.

"என்னடி சொன்னாய்?"

"நோகுது எண்டு சொன்னன். உங்கட முகத்தைப் பார்த்தா எனக்குத் தெரியாதா?"

அதற்குப் பிறகு அவன் வராத நாட்களில் அவள் வந்தாள். பள்ளிக்கூடப் பையை மூலையில் எறிந்துவிட்டு என்னைப் படிக்கட்டுக்குக் கூட்டிப்போவாள். ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது வருத்தமான கால் முதலில். நான் மாற்றி வைத்தால் "கிறுகுங்க, திரும்பவும் முதலேர்ந்து" என்பாள். கையைத் தரமாட்டாள். நான் விழப்போகும் இடத்தில் மட்டும் அவள் கை நிற்கும், தொடாமல்.

ஒருநாள் சரோ பழங்களோடு வந்தாள். மலர் என்னைப் படுக்கவைக்க ஓடினாள். ஆரணி வாசலிலேயே மறித்துக்கொண்டு நின்றாள்.

"அன்ரி, பெரியம்மா குசினில நிக்கிறா. அங்க போங்க. உங்களுக்குத் தேத்தண்ணி அவதான் ஊத்துவா."

"என்ன பிள்ள சொல்லுறாய்! நோயாளியிட கையால நான் தேத்தண்ணி குடிக்கிறதா?"

"ஓம். நீங்க குடிச்சாத்தான் அவவுக்குச் சுகம் வரும்."

சரோ குடித்தாள். குடித்துவிட்டுப் போய், "அந்த வீட்டில முறிஞ்ச மனிசியிட்ட வேலை வாங்குறாளுகள்" என்று கோயில் முழுக்கப் பறைந்தாள். அந்தக் கதை என் மகன் இருக்கும் நகரம்வரை போய், அவன் போன் எடுத்து, "அம்மா, சித்தி உங்களுக்குச் சாப்பாடு தாறாவோ?" என்று கேட்டான். எட்டு மாதமாக என்னை வந்து பார்க்காத மகன் கேட்ட கேள்வி அது.

பிறகு பள்ளி விடுமுறையில் ஆரணி லூக்கஸ் வேலை செய்யும் இடத்தில் பழக நின்றாள். படிப்புக்கு விண்ணப்பிக்க அது வேண்டுமாம். மாலையில் வந்து கிழவர்களின் வீங்கிய கால், ஒருபக்கம் விழுந்துபோன மனிசியின் எச்சில் ஒழுகும் வாய் என்று கதை சொல்வாள். உண்மையைச் சொல்லுகிறேன், எனக்கும் கூசியது. அவள் என் மேசைக்கு முன்னால் இருந்து கையால் பிட்டைக் குழைத்தபோது என்னால் பார்க்க முடியவில்லை.

"எத்தின பேரிட காலத் தொட்ட கை அது?"

"கழுவினன்."

"கழுவினாப் போகுமா?"

அவள் ஒரு வாய் சாப்பிட்டு முடித்துவிட்டுச் சொன்னாள்: "நீங்க ஹோட்டல்ல ஆக்கள்ட கக்கூஸ் கழுவினீங்கதானே. வீட்ட வந்து அந்தக் கையாலதானே எனக்குச் சோறு தீத்தினீங்க. நான் நல்லாத்தானே வளர்ந்திருக்கன்?"

அவள் தட்டில் இன்னும் கொஞ்சம் சம்பல் வைத்தேன்.

4

இந்த நாட்டில் இதைப் படிக்க இரண்டு வழி உண்டு. ஒன்று பல்கலைக்கழகம். மற்றது மூன்று வருடத் தொழிற்பள்ளி. பாதி நாள் வகுப்பு, பாதி நாள் ஆஸ்பத்திரி, கடைசியில் அரசாங்கச் சோதினை. ஆரணிக்குத் தொழிற்பள்ளிதான் வேண்டும். தொடக்கத்திலேயே கையால் பழகவேண்டுமாம், பிறகு விரும்பினால் பல்கலைக்கழகத்துக்கும் போகலாமாம். வெள்ளைக்காரப் பிள்ளைகளில் பெரும்பங்கு அப்படித்தான் போகிறது. எங்கள் ஆக்களுக்கோ தொழிற்பள்ளி என்றால் படிப்பு ஏறாத பிள்ளை போகிற இடம். பிள்ளை அங்கே போனால் பெற்றோர் ஒரு வருடத்துக்குக் கலியாண வீடுகளுக்குப் போகமாட்டார்கள்.

குகன் வேறு வழி வைத்திருந்தார். கிழக்கே ஒரு நாட்டில் ஆரணிக்குக் கிடைக்கிற புள்ளிக்கு மருத்துவம் படிக்கலாமாம். அதற்கு ஒரு ஏஜென்ட். எங்களை இந்த நாட்டுக்குக் கொண்டுவந்ததும் ஒரு ஏஜென்ட்தான். இருட்டு லொறிக்குள் ஏற்றி, இருமக் கூடாது என்று சொல்லிப் பூட்டியவன். இப்போது பிள்ளையை டொக்டராக்கவும் ஏஜென்ட் வேண்டியிருக்கிறது. இவன் கழுத்துப்பட்டி கட்டி, கணினித் திரையில் வந்தான். நானும் பக்கத்தில் இருந்தேன்.

"ஒண்டுக்கும் யோசிக்காதீங்க அண்ணை. பிள்ளைய டொக்டராக்கித் தாறது எங்கட பொறுப்பு."

ஆரணி கேட்டாள்: "என்ன பாஷையில படிப்பு?"

"முதல் இங்கிலிஸ் தங்கச்சி. மறுகா ஆஸ்பத்திரில அந்த நாட்டுப் பாஷை. அது பிரச்சினையில்ல."

"அப்ப நோயாளியோட நான் எப்பிடிக் கதைக்கிறது?"

"நோயாளி என்னத்துக்கு இப்ப? முதல்ல சோதினையப் பாஸ் பண்ணுங்க!"

அவன் சிரித்தான். குகனும் தலையாட்டினார். லொறிக்காரன்கூட எங்களை மனுசர் என்று எண்ணித்தான் இருமாதே என்றான். இவனுக்கு நோயாளியே தேவையில்லை. எழும்பிப் போய் வாயைக் கழுவவேண்டும் போலிருந்தது.

திரை அணைந்ததும் மலர் தொடங்கினாள். சமையலறையிலிருந்தபடியே, குரலை உயர்த்தாமல்.

"இஞ்ச, நீங்க செவ்வாய்க்கிழமை செவ்வாய்க்கிழமை எங்க போய்க் கிடக்கிறீங்க?"

குகன் பார்சல் கிடங்கில் வேலை. பெட்டி தூக்கித் தூக்கித் தோள் போய்விட்டது. டொக்டர் துண்டு எழுதிக் கொடுத்து, கிழமைக்கொருமுறை போய்ப் படுத்துப் பயிற்சி எடுத்து வருவார். அன்றைக்கு மட்டும் வீட்டில் நல்ல முகத்தோடு இருப்பார்.

"அது வைத்தியம்."

"அதைச் செய்யிறது ஆரு? டொக்டரா?"

"அது ஒரு வெள்ளைக்காறப் பிள்ள. நல்ல கெட்டிக்காறி."

"அந்தக் கெட்டிக்காறிப் பிள்ள என்ன படிச்சவ?"

குகன் கதையை மாற்றினார். "அது வேற, இது வேற. நாளைக்கு இவளக் கட்ட வாறவன் கேப்பானே, கண்ட ஆம்பிளையளத் தொட்ட பிள்ளையோ எண்டு."

டொக்டரும் ஆம்பிளைகளைத் தொட்டுத்தானே பார்க்கவேண்டும் என்று என் வாய்வரை வந்தது. வெளியே வரவில்லை. குகன் வாய் விட்டுச் சொல்லாதது இன்னொன்றும் இருந்தது, அதுவும் எனக்குத் தெரியும். ஊரில் மற்றவர்களின் உடம்பைத் தொட்டு வேலை செய்தவர்கள் யார், அவர்களை வீட்டின் எந்தப் பக்கத்தில் நிறுத்திக் கையில் தண்ணீர் வார்த்தோம் என்பது உங்களுக்கும் மறந்திருக்காது. கடல் தாண்டி, தேசம் தாண்டி, பாஷையை மாற்றி, கடவுச்சீட்டையும் மாற்றி வந்தோம். அதை மட்டும் ஒரு தூசியும் படாமல் கொண்டுவந்திருக்கிறோம்.

5

இதற்குள், மலரின் கையெழுத்தோடு மட்டும் முதலில் அனுப்பிய ஒப்பந்தம் ஒருமுறை திரும்பியும் வந்தது. எங்கள் பெயர் வழக்கம் இந்த நாட்டு அரசாங்கக் கந்தோர்களுக்கு எத்தனை வருடமானாலும் விளங்குவதில்லை. மலரின் கடைசிப் பெயர் எங்கள் அப்பாவுடையது. குகனுக்கு அவருடைய அப்பாவுடையது. ஆரணிக்குக் குகனுடையது. ஒரு வீட்டில் மூன்று குடும்பப் பெயர். இவர்கள் இந்தப் பிள்ளைக்கு யார் என்று நிரூபிக்கும்படி பள்ளியிலிருந்து மரியாதையாக எழுதியிருந்தார்கள். பிறப்புச் சான்றிதழைத் தேடி, பிரதி எடுத்து வைப்பதற்குள் நாள் போய்விட்டது.

புதன்கிழமை பின்னேரம். அன்றைக்குத் தபாலில் போடாவிட்டால் வெள்ளிக்குப் போய்ச் சேராது. போகாவிட்டால் இடம் வேறொரு பிள்ளைக்கு. ஆரணிக்குப் பதினெட்டு வயதாகத் தை மாதமாகும். அதற்குள் அந்தக் கழுத்துப்பட்டிக்காரன் அவளைக் கிழக்கே ஏற்றிவிடுவான். நான் மேல்மாடிக்கு ஏறிப்போய் இருந்தேன். கதைக்கப் போகவில்லை. ஆள் கூட இருந்தால் பிள்ளைக்குத் தென்பாக இருக்கும் என்று போனேன்.

குகன் வேலையால் வந்து, குளித்து, ஆறுதலாகச் சாப்பிட்டார். மேசையில் ஒப்பந்தமும் பேனையும் இருந்தன. கை துடைத்துவிட்டுச் சொன்னார்:

"வைக்கிறன். ஆனா ஒண்டு. ஆர் கேட்டாலும் மெடிசின் எண்டுதான் சொல்லவேணும். கோயில்லயும் சரி, கலியாண வீட்டிலயும் சரி, ஊருக்குப் போன் எடுத்தாலும் சரி."

மலர் கேட்டாள்: "மூண்டு வருசம் போனா என்ன சொல்லுவீங்க?"

"அதை அப்ப பாப்பம். எப்பிடியும் வெள்ளைச் சட்டைதானே போடுவாள்."

நான் ஆரணியின் முகத்தைப் பார்த்தேன். இவ்வளவு காலம் பிடிவாதமாக நின்ற பிள்ளை. இப்போது வெடிக்கப்போகிறாள், ஒப்பந்தத்தைக் கிழித்தாலும் கிழிப்பாள் என்று நினைத்தேன். கிழித்திருந்தால் எனக்கு நெஞ்சு உடைந்திருக்கும், கொஞ்சம் மகிழ்ச்சியாகவும் இருந்திருக்கும்.

"ஓகே அப்பா" என்றாள். பேனையின் மூடியைக் கழற்றி நீட்டினாள்.

அவர் வைத்தார். வளைத்து, கீழே கோடிழுத்து, கோயில் நன்கொடைப் பற்றுச்சீட்டில் வைப்பதுபோல அழகாக வைத்தார். பிறகு என் பக்கம் திரும்பினார். "அக்கா, நீங்களும்தான். ஊருக்குச் சொன்னா அப்பிடித்தான் சொல்லவேணும்."

சொந்தப் பிள்ளை படிக்கப்போகிற படிப்பை, தான் நோவுக்குப் போய்ப் படுக்கிற படிப்பை, வெளியில் சொல்ல வெட்கப்படுகிற மனிதனின் வீட்டில் அன்றைக்குத் தேத்தண்ணி குடிக்க எனக்கு மனம் வரவில்லை. மேசையிலேயே ஆறவிட்டு எழும்பினேன்.

தபால்பெட்டி தெருமுனையில். ஆரணியோடு நானும் கைத்தடியை ஊன்றிக்கொண்டு போனேன். அவள் என் கையைப் பிடிக்கவில்லை. உறையைப் போட்டுவிட்டு, உள்ளே விழுந்ததா என்று பெட்டியின் வாய்க்குள் இரண்டு தரம் பார்த்தாள்.

6

இரண்டு நாள் கழித்துக் கோயிலுக்குப் போனேன். இங்குள்ள எங்கள் கோயில் முந்தி வாகனம் திருத்தும் இடம். விளக்கெண்ணெய் மணத்துக்கு அடியில் இன்னும் இயந்திர எண்ணெய் மணக்கும். உள்ளே காலடி வைத்ததும் சரோ ஓடிவந்து கையைப் பிடித்தாள்.

"டொக்டரிட பெரியம்மா வாறா, கதிரையக் கொண்டாங்க!"

நாலு பக்கமும் தலைகள் திரும்பின. நான் ஆக்கள் நடுவில் வாய் திறக்காதவள். அன்றைக்கு, எங்கிருந்து வந்ததோ, திறந்தேன்.

"இல்ல சரோ. டொக்டர் இல்ல. ஆரணி பிசியோதெரபிதான் படிக்கப்போறாள். தொழிற்பள்ளியில."

சரோ சுற்றிலும் பார்த்தாள். பிறகு தன் கையால் என் வாயைப் பொத்தினாள்.

"ஓமக்கா, ஓமக்கா. எனக்கு விளங்குது. நாவூறு, கண்ணூறு படும்தானே. நீங்க அப்பிடியே சொல்லிக்கிட்டு இருங்க. நாங்க ஆருக்கும் பறையமாட்டம்."

"நாவூறு இல்ல சரோ, உண்மையாத்தான்..."

"விடுங்கக்கா, சின்னப்பிள்ளைக்குச் சொல்லுற மாதிரி! நாங்களும் மட்டக்களப்புத்தானே."

நாங்களும் அப்படித்தானே செய்தோம். நெல் நன்றாக விளைந்தால், இந்தமுறை பதர்தான் கூட என்று முகத்தைத் தொங்கப்போட்டோம். பிள்ளை வடிவாக இருந்தால் கறுப்புப் பொட்டு வைத்து, "குரங்கு மாதிரி" என்றோம். நல்லதை ஒளித்துக் குறைத்துச் சொல்லியே பழகிய சனம். உண்மையிலேயே டொக்டர் இல்லை என்று ஒருத்தி சொன்னால் யார் நம்புவார்கள்? பூசை முடிவதற்குள் சரோ எல்லாருக்கும் சொல்லிவிட்டாள், "பாருங்க, பெரிய படிப்பு, ஆனா என்ன அடக்கம்" என்று.

பொன்னையாவும் வந்தார். என் மனிசனின் திவசத்தன்று ஆரணி அவருக்குத் தன் வாயாலேயே சொன்னவள். அதையும் குகன் நாவூறுக் கணக்கில் போட்டுவிட்டார் போலும். அந்த மனிதர் எனக்குக் கை கூப்பினார்.

"அண்டைக்கு நான் சும்மா பகிடிக்குச் சொன்னது அக்கா. உங்கட பிள்ள மறைச்சிட்டா. எனக்குச் சீனி வருத்தம், பிரசரும் இருக்கு. நாங்க எல்லாம் இனி அவவிட்டத்தான் வரவேணும்."

அவர் நெற்றியில் திருநீறு, கையில் கோயில் பூட்டுகளின் திறப்புக் கோர்வை. பிள்ளை அதே பிள்ளை. நடுவில் ஒரு பொய் வந்ததும் அவர் உடம்பு தானாகக் குனிகிறது. பிரசாதத்தைக் கையில் வாங்கினேன், தின்ன முடியவில்லை. பஸ் தரிப்பிடத்துக் குப்பைத்தொட்டியில் போட்டேன். முருகன் என்னை மன்னிக்கட்டும்.

7

அன்று பின்னேரம் ஆரணி என் குசினியில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். நடந்ததைச் சொன்னேன். வாய் பொத்தியதைச் சொன்னபோது கத்தியைக் கீழே வைத்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தாள்.

"உனக்குக் கோவம் வரல்லியா?"

"என்னத்துக்குப் பெரியம்மா?"

"கொப்பர் பொய் சொல்லச் சொன்னார். நீ உடன ஓம் எண்டிட்டாய். கொஞ்சமும் யோசிக்கல்லயே."

அவள் முகத்தில் உண்மையாகவே விளங்காத ஒரு பார்வை வந்தது. எப்படிச் சொல்வதென்று தமிழில் சொல் தேடினாள்.

"பெரியம்மா, நீங்க பஸ்ஸில போறீங்க. பக்கத்தில இருக்கிற ஆள் என்ன வேலை எண்டு கேக்குறார். நீங்க என்னவும் சொல்லலாம். அவர் என்ன நினைச்சா என்ன? அடுத்த தரிப்பில நான் இறங்கிருவன்தானே."

"அப்ப நாங்களெல்லாம் உனக்குப் பஸ்ஸில இருக்கிற ஆக்களா?"

"நீங்க இல்ல." உடனே சொன்னாள்.

"அம்மா?"

"அம்மாவும் இல்ல."

தகப்பனைப் பற்றி நான் கேட்கவில்லை. வெங்காயத்தை எடுத்து மறுபடி உரிக்கத் தொடங்கினாள்.

அந்தப் பொய்யைப் பற்றி எனக்கிருந்த வெறுப்பெல்லாம் பிழையான பக்கம் போய்விட்டது என்று அப்போதுதான் விளங்கியது. நீட்டிய காலுக்கும், ஏஜென்டுக்கும், பொய்க்கும் இந்தப் பிள்ளை மனம் நோகவில்லை. நோகிற தூரத்தில் அவள் இல்லை. கோயில், திவசம், அங்கிள், அன்ரி, எல்லாம் அவளுக்கு யன்னலுக்கு வெளியே போகிறது. எங்களுக்கு உண்மை சொல்லவேண்டும் என்ற எண்ணமே அவளுக்கு இல்லை. இவ்வளவு பேர் சேர்ந்து, பாடசாலை வைத்துத் தமிழ் படிப்பித்து, தேர் இழுத்து, பரதம் ஆடவிட்டு, கடைசியில் ஒரு பிள்ளை உண்மை சொல்லக்கூடப் பெறுமதியில்லாத சனமாகிவிட்டோம். சீ என்று யாரைப் பார்த்துத் துப்புவது? கண்ணாடியைப் பார்த்துத்தான்.

மருத்துவக் கதை உங்கள் பக்கமும் வந்துவிட்டதாம். நேற்று மலர் சொன்னாள், நாவற்குடாவிலிருந்து யாரோ வாழ்த்துச் சொல்லிப் போன் எடுத்தார்களாம். நான் இங்கே எழுதியிருப்பதுதான் உண்மை. ஆரணிக்குத் தமிழ் பேச வரும், வாசிக்க வராது. அதனால் இதை அவள் காணமாட்டாள். குகன் கண்டால் காணட்டும். ஒப்பந்தம் கிடைத்ததென்று பள்ளியிலிருந்து பதில் வந்துவிட்டது.

பள்ளி தொடங்குமுன் மண்டூர்த் திருவிழாவுக்கு மலர் அவளைக் கூட்டிக்கொண்டு வருகிறாள். உங்களோடுதான் தங்குவார்கள். எனக்காக ஒன்று செய்யுங்கள். எதுவும் தெரியாததுபோல் அவளிடம் கேளுங்கள், "என்ன படிக்கப்போறாய் மகள்?" என்று. டொக்டருக்கு என்று அவள் சொன்னால், "நல்லது" என்று சொல்லிவிட்டு, சோறு போட்டு அனுப்புங்கள். உங்களையும் அவள் பஸ்ஸில் இருக்கிற ஆக்களோடு சேர்த்துவிட்டாள் என்று விளங்கிக்கொள்ளுங்கள். எனக்கு அறிவிக்கவும் வேண்டாம்.

உண்மையைச் சொன்னால் இன்னுமொரு கேள்வி கேளுங்கள். என்ன கேள்வி என்றாலும் பரவாயில்லை. அவள் தமிழ் மெதுவாகத்தான் வரும், சொல் தேடுவாள். அவள் சொல்லி முடிக்கும்வரை ஒருவரும் எழும்பிப் போகாதீர்கள்.